பொன்னோடும் மண்ணோடும்

சிதம்பரத்திலிருந்து வந்து வெள்ளாற்றுப் பாலத்தைக் கடந்ததும் என் ஊர் தொடங்குகிறது. 1595இல் ராகவேந்திரர் அவதரித்த ஊர் என்று புவனகிரியைத் தேடி வருபவர்கள் உண்டு. தறிச் சத்தத்தால் அறிந்தவர்களும் உண்டு. நான் உங்களை ஒரு பழைய ஓட்டு வீட்டின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தப் போகிறேன். பெரிய வீடு இல்லை; கட்டியவர் பெயரைச் சொல்லும் கல்லும் இல்லை. காலை ஏழு மணி வெயில் அதன் திண்ணையில் சரிந்து விழும் நேரத்தில் வாருங்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் அந்தத் திண்ணை. உட்கார்ந்தால் உள்ளங்கால் தெருவில் படியும் அளவுக்கு உயரம். ஒரு விரற்கடை கூடவுமில்லை, குறையவுமில்லை. விளிம்பைத் தடவிப் பாருங்கள். கூர்மையாக முடியாமல், தொடையின் அடிப்பகுதியில் அழுந்தாதபடி உருட்டிவிட்டிருக்கிறார் கொத்தனார். வழிப்போக்கர் ஒருவர் வந்து உட்காருவார், அவருக்குக் கால் மரத்துப்போகக் கூடாது என்று அவர் எண்ணியிருக்கிறார். சுவரோரம் ஒரு முனையில் மெல்ல மேடாகி எழும் சாய்மானம், தலை வைத்துப் படுக்கச் சாந்தாலேயே செய்த தலையணை. சுண்ணாம்பை மையாக அரைத்துப் பூசி, ஈரம் காயுமுன் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய வழவழப்பு. மூன்று தலைமுறை முதுகுகள் அதை இன்னும் மெருகேற்றியிருக்கின்றன. சித்திரை மதியத்திலும் தொட்டால் குளிரும். வாசற்படிக்கு இரு பக்கமும் சுவரில் குடைந்த மாடக்குழிகளையும் பாருங்கள். கார்த்திகையில் அகல் வைக்கும் இடம். மேல் வளைவில் படிந்த புகைக்கரியைக்கூட வீட்டுக்காரர்கள் துடைப்பதில்லை. நல்லதுதான், அந்தக் கரி அங்கே மைதீட்டியதுபோல அழகாக இருக்கிறது.

திண்ணையின் மேல் நிற்கும் தூண்களுக்கு வருவோம். தேக்குமரம், கீழிருந்து மேலே போகப்போகக் கண்ணுக்குத் தெரியாமல் மெலிகிறது. அடியில் ஒரு கருங்கல் பாதம். தரையின் ஈரம் மரத்தைத் தொடாமலிருக்க வைத்த கல் அது. தேவைக்காக வைத்த கல்லையும் தாமரை மொட்டுப்போலச் செதுக்காமல் விட மனம் வரவில்லை நம் ஆட்களுக்கு! தலையில், உத்திரத்தைத் தாங்கும் போதிகை. அதன் இரு முனைகளிலும் வாழைப்பூ ஒன்று மடல் விரித்துத் தலைகுனிந்து தொங்குகிறது. மடல்களை எண்ணிப் பார்த்தேன். இடப்பக்கப் பூவில் ஒரு மடல் கூடுதல். தச்சரின் கை அந்த நாளில் கொஞ்சம் ஆசைப்பட்டிருக்க வேண்டும். அந்த ஒரு மடலுக்காகவே இந்தத் தூணை எனக்குப் பிடிக்கும்.

இதே போதிகைப் பூவைச் சிதம்பரத்தில், தில்லைக் கோயிலின் மண்டபங்களில் கருங்கல்லில் பார்த்திருப்பீர்கள். கல்லில் பார்த்ததை இந்தத் தச்சர் மரத்தில் செய்தார் என்று நான் சிறு வயதில் நினைத்ததுண்டு. ஆனால் வரலாறு எதிர்த் திசையில் ஓடுகிறது. மரத்தில் தச்சர்கள் கண்ட வடிவங்களைத்தான் பின்னால் சிற்பிகள் கல்லுக்குக் கொண்டுபோனார்கள். வானளாவிய நான்கு ராஜகோபுரங்களுக்கும் ஆயிரங்கால் மண்டபத்துக்கும் நடுவில், கூத்தப்பெருமான் நின்றாடும் சிற்சபையைப் பாருங்கள். அது மரத்தால் ஆனது. மேலே ஓடு வேய்ந்தது. முதலாம் பராந்தகச் சோழன் பொன் வேய்ந்ததால் அந்த ஓடுகள் பொன்னோடுகள். எண்ணிக்கை 21,600 என்பார்கள், ஒரு நாளில் மனிதன் விடும் மூச்சின் கணக்கு. அவற்றைப் பிடித்திருக்கும் ஆணிகள் 72,000, உடம்பின் நாடிகள். மூச்சையும் நாடியையும் எண்ணிக் கூரை போட்ட மரபில் வந்தவர் கட்டிய வீடுதான் இதுவும். அங்கே பொன்னோடு, இங்கே மண்ணோடு. உறவு ஒன்றே.

அந்த மண்ணோட்டைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். குயவர் சக்கரத்தில் வனைந்து, பாதியாகப் பிளந்து, சூளையில் சுட்ட நாட்டு ஓடு. ஒன்றன்மேல் ஒன்றாக மீன் செதில்போல அடுக்கியிருக்கிறது. எந்த இரண்டு ஓடும் ஒரே சிவப்பில்லை. சூளையில் நெருப்புக்கு அருகில் இருந்தது கருஞ்சிவப்பு, தள்ளியிருந்தது ஆரஞ்சுத் தோல் நிறம். அடுக்குகளின் இடுக்கில் காற்று புகுந்து போவதால்தான் கூடத்தில் வெக்கை தங்குவதில்லை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது இந்தக் கூரையின் ஓடுகள் சருகாகப் பறந்தன. உத்திரம் அசையவில்லை. தை பிறப்பதற்குள் ஓடு மாற்றிவிட்டார்கள்.

பக்கத்துத் தெரு நெசவாளர் தெரு. அங்கே அழகு வேறு விதம். தெரு ஏன் இவ்வளவு நேராக, அகலமாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? விடியற்காலையில் பாவு நீட்டிக் கஞ்சி போட இடம் வேண்டும். துணியின் நீளம்தான் தெருவின் கோட்டைப் போட்டது. வீட்டுக்குள் குழித்தறி, குழியின் மண் ஈரத்தில் இழை அறுந்துபோகாது. சன்னல் தாழ்வாக இருப்பதும் காரணத்தோடுதான். தரையோடு தரையாக உட்கார்ந்து நெய்பவரின் மடியில் வெளிச்சம் விழ வேண்டும். நின்றுகொண்டு பார்த்தால் அந்தச் சன்னல் அளவு தவறியதுபோலத் தோன்றும். தறியில் உட்கார்ந்து பாருங்கள், அதன் அருமை தெரியும்.

தெருக்கோடியில் ஒரு மாடி வீடு, மச்சுத் தளம் போட்டது. மரக்கட்டைகளைப் பரப்பி, அவற்றின்மேல் மெல்லிய செங்கல்லைக் குறுக்குச் சாய்வாக நிறுத்தி வைத்துச் சுண்ணாம்பில் பிணைத்த தளம். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். இரும்புக் கம்பி ஒன்றுகூட இல்லை. கீழே நின்று கூரையைப் பார்த்தால் செங்கல் வரிசைகள் நெல் வயலில் காற்று போன தடம்போலச் சாய்ந்து சாய்ந்து போகின்றன. அந்தச் சாய்வைப் பார்த்துக்கொண்டே மல்லாந்து கிடப்பது ஒரு சுகம்.

இப்படிப்பட்ட வீடுகள் எங்கள் ஊரில் ஒன்றொன்றாகக் குறைகின்றன. பிள்ளைகள் வெளியூரில்; பாகம் பிரிக்கும்போது முற்றத்தை எப்படிப் பிரிப்பது? அவர்களின் சங்கடம் எனக்குப் புரியாததில்லை. ஆனாலும் இடித்த வீட்டின் தூண்கள் பழைய மரக்கடையில் சாய்ந்து நிற்பதைப் பார்க்கும்போது, தெரிந்தவர் ஒருவரை ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்ததுபோல் மனம் பதைக்கிறது.

காப்பாற்ற முடியாததும் இல்லை. அதிகத் தூரம் போக வேண்டாம். புதுச்சேரியின் வைசியாள் வீதிக்குப் போய்ப் பாருங்கள். தமிழர் வீடுகளின் திண்ணையையும் தாழ்வாரத்தையும் வரிசையாக மீட்டெடுத்திருக்கிறார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் அந்த வீதிக்குக் கிடைத்தது. அங்கே இருப்பவை நம் வீடுகளின் ஒன்றுவிட்ட சகோதரிகள்தான். தமிழ்நாட்டிலும் மரபுக் கட்டடங்களுக்கென்று ஆணையம் அமைக்க 2012லேயே சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் ஒரு தெருவின் சாதாரண வீட்டுக்குச் சட்டம் வந்து சேருமுன் வீட்டுக்காரரின் கை அல்லவா போக வேண்டும்?

தில்லைச் சபையின் மரத்தையும் ஓட்டையும் எத்தனை தலைமுறைகள் திருப்பணி செய்து செய்து நிறுத்தியிருக்கின்றன! நாட்டு ஓடும் அதே வகைப் பொருள். ஐப்பசி மழைக்கு முன்னால் பிரித்து, உடைந்ததை மாற்றி, வேய்ந்துகொண்டே இருந்தால் அது இருந்துகொண்டே இருக்கும்.

பழைய வீடு வைத்திருக்கும் புவனகிரிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். காரை பெயர்ந்த இடத்தில் சிமெண்டு பூசாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும். சிமெண்டு அதன் வாயை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும், இரண்டு மழைக்காலத்தில் சுவர் உப்பிக் கொட்டும். அதைப் பார்த்து, வீட்டுக்கு வயதாகிவிட்டது, இடித்துவிடலாம் என்பீர்கள். சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த வயதான கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த ஐப்பசிக்கு முன் ஒருவரைக் கூப்பிட்டுச் சுவரைக் காட்டுங்கள்.