டிரைவருக்கு எங்கே படுக்கை?

இணையத்தில் மதிப்பெண் பார்த்து ஓட்டல் அறை பிடிக்கும் பழக்கம் காரைக்காலுக்கும் வந்து நாளாகிவிட்டது. திருநள்ளாற்றுக்கோ நாகூருக்கோ வேளாங்கண்ணிக்கோ கிளம்புகிறவர் வீட்டில் இருந்தபடியே பத்துக்கு எட்டரை வாங்கிய ஓட்டல் எது, ஏழு வாங்கியது எது என்று பார்த்து முடிவு செய்துவிடுகிறார். சுத்தத்துக்கு ஒரு மதிப்பெண், ஊழியர்கள் நடந்துகொள்ளும் விதத்துக்கு ஒன்று, காலைச் சிற்றுண்டிக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று. இந்த எண்களைக் காட்டி, நம் நடுத்தர ஓட்டல்களில் இனி குறை சொல்ல ஏதுமில்லை என்று பேசுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை.

வளர்ச்சி இல்லை என்று சொல்ல வரவில்லை. இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் வாடகையில் இன்று கிடைக்கும் அறை, முப்பது வருடங்களுக்கு முந்தைய லாட்ஜ் அறையைவிட எவ்வளவோ மேல். வெள்ளை விரிப்பு உண்மையிலேயே வெள்ளையாக இருக்கிறது. வெந்நீர் வருகிறது. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உடனே ஓடுகிறது. குழந்தைக்குப் பால் காய்ச்சித் தரச் சொன்னால் முகம் சுளிக்காமல் தருகிறார்கள். வயதானவர்கள் ஏற லிஃப்ட் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததும் நடுத்தரக் குடும்பங்களுக்கு நல்ல செய்திதான். குறைகளில் சில எல்லோரும் அறிந்தவை: ராத்திரி பத்து மணிக்கு வந்து சேர்ந்தாலும் மறுநாள் பன்னிரண்டு மணிக்குக் காலி செய்யச் சொல்லும் கணக்கு, தாராளமாக வாங்கிவைக்கப்படும் ஆதார் நகல்கள், ஜன்னல் இல்லாத குளியலறை. இவற்றைப் பற்றிப் பலர் எழுதியாகிவிட்டது, இனியும் எழுதுவார்கள்.

யாரும் எழுதாத குறை ஒன்று இருக்கிறது. அந்த ஓட்டலுக்கு விருந்தாளியை ஓட்டிக்கொண்டு வந்த மனிதர் அன்று இரவு எங்கே படுக்கிறார்?

பூவம், காரைக்கால் மாவட்டத்தின் வடக்கு வாசல். தரங்கம்பாடியைத் தாண்டி நண்டலாற்றைக் கடந்தால் புதுச்சேரி ஆட்சிப் பகுதி தொடங்கிவிடும். வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது இந்தச் சாலையில் நின்று பார்த்தால் போதும். சென்னையிலிருந்தும் கடலூர்ப் பக்கமிருந்தும் கார்களும் டெம்போ டிராவலர்களும் வந்துகொண்டே இருக்கும். சனிக்கிழமை விடியுமுன் நளதீர்த்தத்தில் குளித்துவிட்டுச் சனீஸ்வரரைப் பார்க்க வேண்டும் என்பது வருகிறவர்களின் திட்டம். ஆகவே முதல் நாள் இரவே காரைக்காலில் அறை எடுத்துவிடுகிறார்கள். மூன்று மணிக்கு எழுந்தால் நாலு மணிக்குத் திருநள்ளாற்றில் நிற்கலாம். தரிசனம் முடித்து, நாகூர், வேளாங்கண்ணி, அல்லது கீழப்பெரும்பள்ளம், திருவெண்காடு, வைத்தீஸ்வரன்கோயில் என்று மற்ற நவக்கிரகத் தலங்கள். ஒரே நாளில் ஒன்பதையும் முடித்துத் தருவதாகச் சொல்லும் டிராவல்ஸ்களும் உண்டு.

இந்தத் திட்டத்தை டிரைவரின் பக்கம் நின்று பாருங்கள். பகலெல்லாம் ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வருகிறார். ஓட்டல் வாசலில் பெட்டிகளை இறக்கிக் கொடுக்கிறார். வழியெல்லாம் ‘அண்ணே, அண்ணே’ என்று அன்பாகப் பேசிவந்த குடும்பம், ‘காலையில மூணரைக்கு ரெடியா இருங்கண்ணே’ என்று சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறிவிடுகிறது. அந்த நிமிடத்திலிருந்து அவர் யாருடைய பொறுப்பும் இல்லை. ரிசப்ஷனில் அவர் பெயர் எழுதப்படுவதில்லை. முன்சீட்டைச் சாய்த்துக்கொண்டு காரிலேயே படுக்கிறார். கண்ணாடியை இறக்கினால் கொசு. அரசலாற்றங்கரை ஊரின் கொசு எப்படி இருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கண்ணாடியை ஏற்றினால் புழுக்கம். ஏசி போட்டால் டீசல் காசு யார் தருவது என்ற கேள்வி, அதற்கு மேல் உயிர் ஆபத்து. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் தூங்கிய இரண்டு தொழிலாளர்கள், ஜெனரேட்டரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடால் இறந்துபோனார்கள். வண்டிக்குள் தூங்குவது என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு செய்தி போதும்.

படுக்கை மட்டுமல்ல, கழிப்பறையும் இல்லை. ரிசப்ஷன் பக்கத்து டாய்லெட் ‘கெஸ்ட்டுகளுக்கு மட்டும்’. மூன்று மணிக்கு விழித்த டிரைவர் பெட்ரோல் பங்கையோ பஸ் ஸ்டாண்டின் கட்டணக் கழிப்பறையையோ தேடிப் போகிறார். அல்லது இருட்டில் ஒதுங்குகிறார். பூவத்துச் சாலையோரத்தில் டீ குடிக்க நிற்கும் டிரைவர்களிடம் பேசினால் படுக்கையைவிட இதைத்தான் முதலில் சொல்வார்கள். படுக்கப் பழகிக்கொள்ளலாம், இதற்கு எப்படிப் பழகுவது என்பார்கள். ஒவ்வொரு ஓட்டலைப் பற்றியும் அவர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது: எங்கே வாட்ச்மேன் வண்டியை நகர்த்தச் சொல்வார், எங்கே வெளிக்குழாயில் குளிக்க விடுவார்கள், எங்கே மொட்டைமாடியில் பாய் போடலாம். இணைய மதிப்பெண்ணில் இந்தக் கணக்கு ஏறுவதேயில்லை. அறை எடுத்தவரிடம் மட்டுமே கருத்துக் கேட்கிறார்கள். ஆகவே அந்த எட்டரை, ஓட்டலில் படுத்தவர்கள் போட்ட மதிப்பெண். வாசலில் படுத்தவரையும் கேட்டிருந்தால் அது என்ன ஆகியிருக்கும்?

ஓட்டல் நடத்துகிறவர்களுக்கு இதற்கெல்லாம் பதில் உண்டு. டிரைவர் எங்கள் விருந்தாளி அல்ல, டிராவல்ஸ்காரரின் ஆள், அவருக்குத்தான் பேட்டா கொடுக்கிறார்களே என்பது முதல் பதில். பேட்டாவின் கணக்கு எல்லோருக்கும் தெரியும். நானூறோ ஐந்நூறோ. அதில் மூன்று வேளைச் சாப்பாடு போக மிச்சத்தை வைத்துக் காரைக்காலில் எந்த அறை கிடைக்கும்? திருநள்ளாற்றில் கூட்டம் கூடும் நாட்களில் கெஸ்ட்டுக்கே அறை கிடைப்பதில்லை. அதுவுமன்றி, அந்தப் பேட்டாவை மிச்சம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் பல டிரைவர்களின் உண்மையான வருமானம். தூங்க வேண்டுமானால் சோற்றுக்காசைச் செலவிடு என்று சொல்வது ஏற்பாடு ஆகாது.

டிரைவர்கள் குடிப்பார்கள், உள்ளே விட்டால் தகராறு என்பது இரண்டாவது பதில். காரைக்காலில் மது விலை குறைவு என்பது உண்மை. அதற்காகவே எல்லை தாண்டி வருகிறவர்கள் உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்கு அதே ஓட்டல்கள் சிரித்த முகத்தோடு அறை தருகின்றன. விடிகாலை மூன்றரைக்கு ஸ்டியரிங் பிடிக்க வேண்டியவர் குடிப்பார் என்று சந்தேகித்து வெளியே நிறுத்துவதும், குடிக்கவே வந்தவருக்குச் சோடாவும் ஐஸும் அனுப்புவதும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன.

வண்டியைக் காவல் காக்க வேண்டும் என்பதால் அவர்களே காரில் படுக்க விரும்புகிறார்கள் என்று மூன்றாவதாகச் சொல்வார்கள். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. சில டிரைவர்கள் அப்படிச் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். ஆனால் வேறு வழி இல்லாத இடத்தில் ‘விருப்பம்’ என்று எதைச் சொல்வது? ஒரு கட்டிலைக் காட்டிவிட்டு, காரா கட்டிலா என்று கேட்டுப் பார்த்த பிறகு இந்த வாதத்தைச் சொல்லட்டும்.

தமிழக அரசு 2023 ஜூனில் இதற்கு ஒரு விதி செய்தது. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைத் திருத்தி, ஓட்டல்களும் லாட்ஜ்களும் தங்கள் வளாகத்திலோ 250 மீட்டருக்குள்ளோ டிரைவர்களுக்குத் தங்குகூடம் அமைக்க வேண்டும், ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு ஒரு படுக்கை வீதம் இருக்க வேண்டும், கழிப்பறையும் குளியலறையும் இருக்க வேண்டும் என்று சொன்னது. காருக்கு இடம் ஒதுக்குகிறவர் அதை ஓட்டியவருக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்ற எளிய நியாயம் அதில் இருந்தது. இந்தியாவில் ஓட்டல்களைப் பற்றி அண்மையில் செய்யப்பட்ட விதிகளில் இதைவிட மனிதத்தன்மை உள்ள ஒன்றை நான் அறியேன். அதன் பலவீனங்கள் இரண்டு. கட்டட விதி என்பதால் இனிமேல் அனுமதி கேட்டு வரும் கட்டடங்களைத்தான் அது முதன்மையாகக் கட்டுப்படுத்தும். ஏற்கெனவே நிற்கும் லாட்ஜ்கள் பழையபடியே நடக்கும். இரண்டாவது, அது தமிழக விதி, நண்டலாற்றோடு நின்றுவிடுகிறது. சனிப்பெயர்ச்சிக்கு லட்சக்கணக்கில் மக்கள் வருவது ஆற்றுக்கு இந்தப் பக்கம். 2023 டிசம்பர் 20-ஆம் தேதி பெயர்ச்சியின்போது வந்த கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தனை பேரையும் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு அந்த விதியால் ஒரு பாய்கூடக் கிடைக்கவில்லை.

மத்தியச் சட்டமும் இருந்தது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்று வகுத்தது. தொழிலாளர்கள் இரவு தங்க நேரும் இடங்களில் முதலாளி ஓய்வறை அமைக்க வேண்டும் என்றும் சொன்னது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களையே மனதில் வைத்து எழுதப்பட்ட சட்டம் அது. பூவத்தைக் கடந்து வரும் வண்டிகளில் பெரும்பாலானவை கடன் வாங்கி ஒரு கார் வாங்கியவருடையவை, அல்லது இரண்டு மூன்று வண்டி வைத்திருப்பவருடையவை. அந்தச் சட்டம் இப்போது 2020-இன் தொழிற்சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. இந்த டிரைவர்களின் இரவு அன்றும் சட்டத்துக்கு வெளியே இருந்தது, இன்றும் இருக்கிறது.

செலவைப் பேசலாம். முப்பது அறை உள்ள ஓட்டல், 2,500 ரூபாய் வாடகையுள்ள ஓர் அறையை டிரைவர்களுக்கென்று ஒதுக்கி இரண்டடுக்குக் கட்டில்கள் போட்டால், இழக்கும் வாடகையை மற்ற அறைகளின் மேல் பரப்பினால் அறைக்கு 90 ரூபாய்கூட வராது. அதே 2,500 ரூபாய் அறையில் வரிக் குறைப்பால் மட்டும் 175 ரூபாய் குறைந்திருக்கிறது. உள்ளீட்டு வரிச் சலுகை போய்விட்டது, எங்கள் செலவு கூடியிருக்கிறது என்று உரிமையாளர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். தங்குகிறவரிடமே அந்த 90 ரூபாயைக் கேட்கலாம். தன்னை ஓட்டிவந்தவர் ஆறு மணி நேரம் காலை நீட்டிப் படுப்பதற்கு 90 ரூபாய் தரமாட்டேன் என்று சொல்லும் குடும்பம் இருந்தால், மறுநாள் தன் பிள்ளைகளை அதே வண்டியில் ஏற்றுவதற்குமுன் அது யோசித்துப் பார்க்க வேண்டும்.

இங்கே நியாயம் மட்டும் அல்ல, பாதுகாப்பும் இருக்கிறது. கடலூருக்கு அருகே பூண்டியாங்குப்பம் முதல் சட்டநாதபுரம் வரையிலான நான்குவழிச் சாலை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டுவிட்டது. சாலை நன்றாகிவிட்டதால் பயணம் குறுகியிருக்கிறது, வேகமும் கூடியிருக்கிறது. ஓய்வு கூடியதா? மிச்சமான நேரத்தில் இன்னும் ஒரு கோயில் சேர்கிறது. நேரான, அகலமான சாலையில் தூக்கக் கலக்கம் எவ்வளவு கொடியது என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். ராத்திரி மூன்று மணி நேரம் கொசு அடித்துக்கொண்டு கிடந்தவர் மறுநாள் மதியம் மூன்று மணிக்கு அந்தச் சாலையில் ஓட்டுகிறார்.

நம் மண்ணுக்கு இது புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடமும் அல்ல. தஞ்சை மராட்டியர் கட்டிய சத்திரங்களைப் பற்றி இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், எந்தச் சாதியார் ஆனாலும் வழிப்போக்கர் அனைவருக்கும் அங்கே சோறு உண்டு என்றும், நள்ளிரவில் மணி அடித்து இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரும்படி அழைப்பார்கள் என்றும் விவரிக்கிறார். சாதி பார்த்து இடத்தைப் பிரித்த காலம்தான், அதை நான் மறைக்கவில்லை. அப்படிப்பட்ட காலத்திலும், வெளியே யாராவது விடுபட்டுப் போனார்களா என்று கேட்பது சத்திரத்தின் வேலையாக இருந்தது. இதே டெல்டாவில் இன்று முப்பது அறை கட்டுகிறவர் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

அதனால்தான் வெள்ளை விரிப்பும் வெந்நீரும் எனக்குப் போதவில்லை. உபசாரத்தை விற்கும் தொழில், தன் வாசலில் உட்கார்ந்தபடி தூங்கும் மனிதரைப் பார்த்தும் பாராமல் இருந்தால் அந்த உபசாரம் வாடகைக்கு மட்டும் தரப்படுவது. பத்துக்கு எட்டரை வாங்கிய ஓட்டல்களில் பல, என் கணக்கில் பாதிகூடத் தேறா.

புதுச்சேரி அரசு, தமிழகத்தின் விதியைக் காரைக்காலுக்கும் கொண்டுவர வேண்டும். பழைய லாட்ஜ்களுக்கும் பொருந்தும்படி உரிமம் புதுப்பிக்கும்போது அதை நிபந்தனையாக்க வேண்டும். அதுவரை, அறை பிடிக்கப் போன் போடுகிற நீங்கள் ஏசி உண்டா, வெந்நீர் உண்டா என்று கேட்கும்போது, டிரைவருக்குப் படுக்க இடமும் டாய்லெட்டும் உண்டா என்றும் கேளுங்கள். இல்லை என்று சொன்னால் அந்த ஓட்டலை விட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போடுங்கள்.