கட்-ஆஃபில் சேராத 200 மதிப்பெண்

கலையா, அறிவியலா, மனிதகுலத்துக்கு எது முக்கியம் என்று பட்டிமன்றம் வைத்தால், நடுவர் என்ன சொல்வார் என்பது மேடை போடும் முன்பே தெரியும். இரண்டும் இரு கண்கள் என்பார். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். உண்மையான தீர்ப்பு வேறோர் இடத்தில் வழங்கப்படுகிறது: பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில், பிளஸ் ஒன் சேர்க்கை நடக்கும் தலைமையாசிரியர் அறையில். மார்க் அதிகம் வாங்கிய பிள்ளைக்கு பர்ஸ்ட் குரூப். அடுத்த வரிசைக்கு செகண்ட் குரூப். அதற்கும் கீழே காமர்ஸ், வரலாறு, கடைசியில் தொழிற்கல்வி. நானூற்றைம்பதுக்கு மேல் வாங்கிய ஒரு பெண் வரலாறு கேட்டால், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று அக்கறையோடு விசாரிப்பார்கள்.

பிளஸ் டூவில் மொத்தம் 600. தமிழுக்கு 100, ஆங்கிலத்துக்கு 100, மற்ற நான்கு பாடங்களுக்கு 400. பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணித மதிப்பெண் அப்படியே சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாகச் சேரும். மொழிப்பாடங்களின் 200-ல் ஒரு மதிப்பெண்கூட அதற்குள் நுழையாது, பாஸானால் போதும். பிள்ளைகள் இந்தக் கணக்கை யாரும் சொல்லிக்கொடுக்காமலே படித்துக்கொள்கிறார்கள். தமிழ்ப் பீரியடில் செய்யுள் ஓடிக்கொண்டிருக்கும். பெஞ்சுக்கடியில், மடியில் பிசிக்ஸ் நோட்டு விரிந்திருக்கும். தமிழாசிரியர்களும் பலமுறை பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் போய்விடுகிறார்கள். அவர்களுக்கும் பள்ளியின் சென்டம் எண்ணிக்கை தெரியும்.

இந்த ஏற்பாட்டைத் திட்டுவது சுலபம். எழுதுகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் அதற்கு வலுவான நியாயம் உண்டு. பெரியம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு ஊர்கள் அதை வேப்பிலையோடும் தாலாட்டோடும் கரகத்தோடும் எதிர்கொண்டன. நோயாளியின் பாயருகே உட்கார்ந்து மாரியம்மன் தாலாட்டு படித்தவர்கள் துணையாக இருந்தார்கள், பயத்தைத் தாங்க வழி செய்தார்கள். ஒரு முத்தைக்கூட அந்தப் பாட்டு நிறுத்தவில்லை. நிறுத்தியது தடுப்பூசி. 1980-ல் பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்தது என்று அறிவித்தார்கள். உயிர் காப்பதுதான் அளவுகோல் என்றால் வழக்கு அங்கேயே முடிந்தது, கலை தோற்றது. நோய் போய் நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் ஆடி மாதம் கரகம் ஆடுகிறது என்றால், அது வேறெதற்கோ நமக்குத் தேவைப்படுகிறது. அந்தத் தேவையை இந்தத் தராசில் நிறுக்க முடியாது.

இன்னொரு நியாயம் வயிறு சம்பந்தப்பட்டது. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்திலிருந்து வரும் ஒரு பிள்ளைக்கு, மருத்துவமும் பொறியியலும்தான் ஒரே தலைமுறையில் வீட்டை நிமிர்த்தும் என்று தோன்றுவதில் தப்பில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டை 2020-ல் கொண்டுவந்தபோது ஊர் ஊராக எழுந்த நம்பிக்கை இதைச் சார்ந்ததுதான். அந்தப் பிள்ளையிடம் போய், சங்கீதமும் கொஞ்சம் படி, மனம் விரியும் என்று சொல்ல, சொல்கிறவர் வீட்டில் இரண்டு தலைமுறைச் சோறு கையிருப்பில் இருக்க வேண்டும்.

எல்லோரும் எல்லாவற்றையும் படித்தே ஆக வேண்டும் என்ற எதிர்முறையும் நம் மண்ணில் நடந்து பார்த்ததுதான். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார் ராமானுஜன். முந்தைய ஆண்டுவரை உ.வே.சாமிநாதையர் தமிழ் நடத்திய கல்லூரி. இன்றைய பிளஸ் டூ நிலையிலிருந்த அன்றைய எஃப்.ஏ. படிப்பில் கணிதத்தோடு ஆங்கிலமும் இன்னும் பலவும் கட்டாயம். ராமானுஜன் கணிதத்தைத் தவிர எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. உதவித்தொகை போயிற்று. பிறகு பச்சையப்பன் கல்லூரிக்குப் போனார், அங்கும் எஃப்.ஏ. தேறவில்லை. இன்றைய குரூப் முறை அன்று இருந்திருந்தால் அவருக்கு அத்தனை அலைச்சல் நேர்ந்திருக்காது.

அதே 1904-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார் சி.வி.ராமன். அதே பல்கலைக்கழகம், அதே அகன்ற பாடத்திட்டம். இயற்பியலோடு ஆங்கிலத்திலும் பதக்கம் வாங்கினார். ராமானுஜனை வெளியே தள்ளிய முறை ராமனை வளர்த்தது. நோபல் பரிசு தந்த ஒளிச்சிதறலுக்கு முன்பு அவர் பல ஆண்டுகள் ஆராய்ந்தது வயலினையும் வீணையையும் தம்பூராவையும் மிருதங்கத்தையும்.

மிருதங்க ஆராய்ச்சியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வட்டமாக இழுத்துக் கட்டிய வெறும் தோலைத் தட்டினால், மேற்சுரங்கள் அடிப்படை ஒலியைப்போல் 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று ஒழுங்கில்லாமல் ஏறும். அதனால் அதில் அதிர்வு கேட்கும், சுருதி கேட்காது. மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையில் சுருதி சுத்தமாகக் கேட்கிறது. காரணம் நடுவிலுள்ள கறுப்பு வட்டம், ‘சோறு’ என்பார்கள். கறுப்புக் கல்லை இடித்துச் சலித்த பொடியைக் குழைந்த சோற்றோடு பிசைந்து, துளித் துளியாக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் கல்லால் தேய்த்து இறுக்கி, தட்டிக் கேட்டு, மறுபடி வைத்து வளர்க்கும் வட்டம் அது. அந்தக் கூடுதல் எடை மேற்சுரங்களை இழுத்து 1, 2, 3, 4, 5 என்ற முழு மடங்குகளில் உட்கார வைக்கிறது. 1920-ல் சிவகாளி குமாருடன் ‘நேச்சர்’ இதழில் எழுதிய குறிப்பிலும், 1934-ல் விரிவாக எழுதிய கட்டுரையிலும் ராமன் இதைக் காட்டினார். தோலின்மேல் மெல்லிய மணலைத் தூவி, எந்தக் கோடுகளில் அதிர்வு இல்லை என்று கண்ணாலேயே பார்க்கும்படி செய்தார்.

ராமன் அளந்து கண்டதைச் செய்தவர்கள் காதால் முன்பே கண்டிருந்தார்கள். அவர்கள் யார்? தஞ்சாவூரின் செபாஸ்டியன் குடும்பம் போன்ற, பெரும்பாலும் தலித் கிறித்தவக் குடும்பங்கள். பாடகர் டி.எம்.கிருஷ்ணா 2020-ல் அவர்களைப் பற்றி ஒரு நூலே எழுத வேண்டியிருந்தது, ஏனென்றால் அதுவரை கச்சேரி உலகம் வாசித்தவரை மட்டும்தான் பெயர் சொல்லி அழைத்தது. வாசித்தவர் கலைஞர், விளக்கியவர் விஞ்ஞானி. தோலைத் தேடி எடுத்து, பதப்படுத்தி, சோறு வைத்தவருக்கு அந்த இரண்டு பட்டியலிலும் இடமில்லை. நம் பள்ளிக்கூடத்திலும் அவர் வேலைக்குக் கிடைக்கக்கூடிய இடம் தொழிற்கல்விதான், அதாவது வரிசையின் கடைசி. குரூப் முறைமேல் எனக்குள்ள பெரிய குற்றச்சாட்டு இங்கேதான் இருக்கிறது. பாடத்தைப் பிரிப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். அது பாடங்களைத் தரம் பிரித்து, அந்தத் தரத்தைப் பிள்ளைகளின் நெற்றியிலும் எழுதிவிடுகிறது.

1959-ல் கேம்பிரிட்ஜில் சி.பி.ஸ்நோ இலக்கியம், அறிவியல் என்ற இரு பண்பாடுகளைப் பற்றிப் பேசிய உரையை இங்கே அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் ஊரில் இலக்கியம் படித்தவர்கள் விஞ்ஞானிகளை ஒரு படி கீழே பார்த்தார்கள். நம்மூரில் ஏணி தலைகீழ். 2012-ல் தமிழக அரசு ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி போன்றவற்றுக்கு 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதச் சம்பளம் 5,000 ரூபாய். கலைக்கு நாம் போட்ட விலை அது. பின்னர் தொகை கூடியது, பணி நிரந்தரம் கேட்டுப் போராட்டம் மட்டும் ஓயவில்லை.

நஷ்டம் கலைக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. வரலாறு எடுத்தவர் பதினைந்து வயதில் கணக்கைக் கைகழுவுகிறார். பிறகு வாழ்நாள் முழுக்கக் கருத்துக்கணிப்பு எண்களை நம்பவோ மறுக்கவோ மட்டுமே முடியும், சோதிக்க முடியாது. அறிவியல் எடுத்தவருக்குப் பத்தாம் வகுப்போடு வரலாறு முடிந்தது. சென்னையில் முகப்பேரிலும் வேளச்சேரியிலும் ஏரிகளின்மேல் ‘ஏரித் திட்டம்’ என்று பெயர் வைத்தே வீடுகள் கட்டினார்கள். திட்டம் வரைந்தவர்கள், அப்படி வரலாற்றைப் பாதியில் விட்டுவந்த பொறியாளர்கள்தான். இதற்குப் பாடத்திட்டத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன், பேராசைக்கு எந்தக் குரூப்பும் தடையில்லை.

தேசியக் கல்விக் கொள்கை 2020, கலைக்கும் அறிவியலுக்கும் இடையே கறாரான பிரிவு இருக்காது என்கிறது. காகிதத்தில் நன்றாக இருக்கிறது. ஒரு கிராமத்து மேல்நிலைப் பள்ளியில் எந்த குரூப் இருக்கும் என்பதைப் பிள்ளையின் விருப்பம் தீர்மானிப்பதில்லை. எந்த முதுகலை ஆசிரியர் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறது என்பது தீர்மானிக்கிறது. இயற்பியலுக்கே ஆள் இல்லாத இடத்தில் இயற்பியலும் இசையும் சேர்த்து எடு என்பது வெறும் பேச்சு. விருப்பப்பாடச் சுதந்திரம் நகரத்துப் பெரிய பள்ளிகளுக்குப் போய்ச் சேரும், மற்றவர்களுக்குப் பழைய வரிசையே மிஞ்சும்.

இதைவிடச் சின்ன மாற்றத்துக்கு இப்போது ஓர் இடம் கிடைத்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் வெளியான தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கையோடு பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டது. பர்ஸ்ட் குரூப் பிள்ளைக்கு வாரம் சில பீரியட் வரலாறும், வரலாற்றுப் பிள்ளைக்கு மார்க் பயமில்லாமல் கொஞ்சம் புள்ளியியலும், முடிந்த ஊரில் உள்ளூர்க் கைவினைஞர் ஒருவரின் பட்டறையும் அந்த ஆண்டுக்குள் அடங்கும். குரூப் தப்பாகிவிட்டது என்று தெரிந்தவர் மாறிக்கொள்ளவும் அந்த ஓராண்டு போதும். ஆனால் அந்தத் தேர்வு 2017-18-ல் எதற்காகக் கொண்டுவரப்பட்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்: பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே பிளஸ் டூ பாடத்தை இரண்டு ஆண்டு நடத்திக்கொண்டிருந்தன. தேர்வை எடுத்தாயிற்று. அந்தப் பள்ளிகளின் பிளஸ் ஒன் கால அட்டவணையை இனி யார் போய்ப் பார்ப்பார்கள் என்பதை இன்னும் யாரும் சொல்லவில்லை.