எத்தனையாவது நகர்த்தலில் பிரிவது?

நெமிலிச்சேரியில் மின்சார ரயில் ஏறி ஆவடி, அம்பத்தூர் தாண்டிக் கொரட்டூரில் இறங்கினால் பாடியும் முகப்பேரும் பக்கம்தான். பாடி, செஸ் வீரர் பிரக்ஞானந்தா வளர்ந்த ஊர். அவர் படித்த வேலம்மாள் பள்ளி முகப்பேரில் இருக்கிறது; குகேஷ் படித்ததும் ஒரு வேலம்மாள் பள்ளியில்தான். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் செஸ் மேல் ஆசை பிறப்பதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அவர்களில் பலரிடம் ஒரு பழக்கம் ஊறிக் கிடக்கிறது. கறுப்புக் காய் கிடைத்தால் வெள்ளை வைப்பதையே திருப்பி வைக்கிறார்கள். சமச்சீர் திறப்பு பத்திரமானது, கேட்டால் டிராவாவது கிடைக்கும் என்கிறார்கள்.

அது பத்திரமானதல்ல. பெட்ராஃப் திறப்பைப் பாருங்கள். இருபக்கமும் ராஜா முன் சிப்பாய் இரண்டு கட்டம் நகர்கிறது. இருபக்கக் குதிரைகளும் எஃப் வரிசைக்கு வருகின்றன. வெள்ளைக் குதிரை ஈ5 சிப்பாயை வெட்ட, கறுப்பும் ஈ4-ஐ வெட்டுகிறது. வெள்ளை ராணி ஈ2-வுக்கு வருகிறது. கறுப்புக் குதிரை பயந்து பின்வாங்கினால், வெள்ளைக் குதிரை சி6-க்குத் தாவும்; ராணியிடமிருந்து செக், குதிரையின் வாயில் கறுப்பு ராணி. ஐந்தே நகர்த்தலில் ஆட்டம் போச்சு. முதலில் டி6 வைத்துக் குதிரையை விரட்டிவிட்டு, பிறகு ஈ4-ஐ வெட்டுவதே முறை.

அந்த முறை தெரிந்தவருக்கும் அடி விழுந்திருக்கிறது. 1988-இல் பீல் நகரில் கொலம்பியாவின் சபாட்டாவுக்கு எதிராக, அதே ஆண்டு கிராண்ட்மாஸ்டரான நம் ஆனந்த் இந்தத் திறப்பை ஆடினார். ஐந்தாவது நகர்த்தலில் பிஷப்பை எஃப்5-இல் வைத்தார். சபாட்டா ராணியை ஈ2-வில் வைத்ததும் ஈ4 குதிரை ராஜாவோடு கட்டுண்டது. அடுத்து டி3 வந்தால் குதிரை போய்விடும். ஆனந்த் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். முந்தைய ஆண்டு மைல்ஸும் கிறிஸ்டியன்சனும் ஆடிய ஆட்டத்தில் அதே பிஷப் நகர்த்தல் வந்து, தண்டனையில்லாமல் டிராவில் முடிந்திருந்தது. அச்சில் வந்ததை நம்பியதன் விளைவு இது. எதிராளியிடம் இரவல் வாங்கினாலும் புத்தகத்திடம் இரவல் வாங்கினாலும், காரணம் நம்முடையதாக இல்லாவிட்டால் ஆபத்துதான்.

நான்கு குதிரைத் திறப்பில் பிள்ளைகள் இன்னும் நெடுநேரம் பின்பற்றுவார்கள். பிஷப்புகள், காஸ்லிங், டி3-க்கு டி6 எல்லாம் சரி. ஏழாவதாக வெள்ளை பிஷப் ஜி5-க்கு வந்ததும் பிரிய வேண்டும்: பிஷப்பால் சி3 குதிரையை வெட்டிவிட்டு, ராணியை ஈ7-இல் வைப்பது தேர்ந்த வழி. ஜி4-இல் பிஷப்பை வைத்துத் தொடர்ந்து பின்பற்றினால் பதினாறாவது நகர்த்தலில் மேட் வாங்கும் வரிசை ஒன்று உண்டு. செக்குக்குப் பதிலாகச் செக் வைப்பது அநேகமாக முடியாதே.

இங்கிலீஷ் சமச்சீர் திறப்புதான் உண்மையான கடல். சி4, சி5, இரு பிஷப்புகளும் நீண்ட மூலைவிட்டத்தில். இங்கே கேள்வி ஒன்றே: யார் முதலில் உடைப்பது? ஒரு நகர்த்தல் முன்னால் இருப்பதால் அது வெள்ளைக்கே எளிது. ஒரு பாணி காஸ்லிங் முடித்து டி4 தள்ளும். இன்னொன்று ஏ3, யானை பி1, பிறகு பி4 என்று ராணிப் பக்கம் பிளக்கும். போட்வின்னிக் வழியினர் ஈ4-இல் சிப்பாயை நட்டு, டி4 கட்டத்தில் ஓட்டை விழுவதைப் பொருட்படுத்தாமல் ராஜாப் பக்கம் போவார்கள். கறுப்புக்கு எனக்குப் பிடித்தது, ஈ6 வைத்துக் குதிரையை ஈ7-க்குக் கொண்டுவருவது. ஜி7 பிஷப்பின் வழி மறையாது, டி5 தள்ளும் உரிமையும் கையில் இருக்கும். பின்வாங்கிப் பதுங்கி, பி5-க்கோ டி5-க்கோ காத்திருக்கும் ஹெட்ஜ்ஹாக் அமைப்பு அனுபவசாலிகளுக்கானது. பத்து வயதுப் பிள்ளைக்கு அதைக் கற்பிக்காதீர்கள்.

நம் சென்னைப் பட்டறைகளும் ஒரே மாதிரியானவை அல்ல. 1972-இல் மானுவேல் ஆரோன் சோவியத் கலாசார மையத்தில் தொடங்கிய தால் கிளப்பில் பிளிட்ஸ்தான் பாடமாக இருந்தது: ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் வரிசைக்குப் போவார். ஆர்.பி. ரமேஷின் குருகுலம் கணக்கிடும் திறனைக் கூராக்கும். பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவோ குகேஷை நெடுங்காலம் எஞ்சின் இல்லாமலே பழக்கினார். சமச்சீர் நிலைகளுக்கு இந்த மூன்றாவது வழிதான் ஏற்றது என்பேன். எஞ்சின் அங்கே சமம் என்று பூஜ்யம் காட்டிவிட்டு ஓய்ந்துவிடும்; பூஜ்யத்துக்குள் எந்தக் காய் எந்தக் கட்டத்துக்கு ஏங்குகிறது என்று சொல்லாது.

நம் பிள்ளைகளுக்கு ஒரு நிலையைக் கொடுக்கிறேன். சி4 சி5, ஜி3 ஜி6, பிஷப்புகள் ஜி2-விலும் ஜி7-லும், குதிரைகள் சி3-லும் சி6-லும். ஏ3 ஏ6, யானைகள் பி1-லும் பி8-லும். பி4, வெட்டு, பதில் வெட்டு, பி5. ஒன்பதாவது நகர்த்தல் வெள்ளையுடையது. கைபேசியை அணைத்துவிட்டு, முதலில் வெள்ளையாகவும் பிறகு பலகையைத் திருப்பிக் கறுப்பாகவும் ஆடிப் பாருங்கள்.