கிழவர் மடியில் ஒரு தடி

‘தி ஓல்ட் மேன் சாட் பை தி டோர், ஹிஸ் ஸ்டிக் அக்ராஸ் ஹிஸ் நீஸ்.’

ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வாசலோரம் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய தடி முழங்கால்களின் குறுக்கே கிடந்தது. தமிழில் சொல்லும்போது ‘கிடந்தது’ தானாக வந்துவிட்டது. ஆங்கிலத்தில் அது இல்லை. காற்புள்ளிக்கு அப்பால் வினைச்சொல்லே கிடையாது. அங்கே ஒரு ‘வாஸ்’ போட்டால் தடி தனி வாக்கியமாக எழுந்துவிடும். பிறகு வெறும் காற்புள்ளியால் இரண்டையும் இணைத்துப் பிடிக்க முடியாது. முன்னால் ‘வித்’ வைத்தால் இலக்கணம் நிற்கும், ஆனால் தடி கிழவருடைய சாமான்களில் ஒன்றாகிவிடும். எதுவும் போடாமல் விட்டதால்தான் நம் கண் அவரிடமிருந்து மெல்ல இறங்கி, மடியில் வந்து தங்குகிறது.

ஆங்கில இலக்கணத்தில் இதற்குப் பெயர் அப்சல்யூட் ஃப்ரேஸ். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் படித்தவர்களுக்கு ‘நாமினேட்டிவ் அப்சல்யூட்’ என்று நினைவிருக்கலாம். லத்தீன் வேரில் ‘அப்சல்யூட்’ என்ற சொல்லுக்குக் கட்டவிழ்த்து விடப்பட்டது என்று பொருள். எத்தனை பொருத்தமான பெயர்! தனக்கென்று எழுவாய் வைத்திருக்கும்; முற்றுவினை வைத்திருக்காது; வாக்கியத்தின் எந்த ஒரு சொல்லிலும் கட்டுண்டு கிடக்காது. ஆனாலும் வாக்கியம் முழுவதும் அதன் சாயல் படிந்திருக்கும்.

பள்ளியில் இதை வாக்கியம் சேர்க்கும் பயிற்சியாகத்தான் பார்த்தோம். ‘தி ரெயின் ஹேவிங் ஸ்டாப்ட், தி பாய்ஸ் ரேன் அவுட்.’ இதில் ‘தி ரெயின்’ என்பதை எடுத்துவிட்டால் நின்றது மழையல்ல, பையன்களே என்றாகிவிடும். தன் எழுவாயைத் தானே சுமந்து வருவதால் இந்தத் தொடருக்கு அந்த விபத்து நேர்வதில்லை. சரி, பையன்கள் மழை நின்றதால் ஓடினார்களா, நின்றதும் ஓடினார்களா? இரண்டு பொருளும் அதற்குள் இருக்கின்றன. எதையும் அது எடுத்துச் சொல்வதில்லை. இந்த மௌனம்தான் எனக்கு இதில் மிகப் பிடித்தது.

கதையில் அழகாக இருக்கும் மௌனம் சட்டத்தில் வழக்காகிவிடும். 1791-ல் ஏற்கப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் இத்தகைய தொடரோடுதான் தொடங்குகிறது. ஒழுங்குபட்ட குடிப்படை சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்கு அவசியமாயிருக்க, ஆயுதம் வைத்திருக்கும் மக்களின் உரிமை மீறப்படலாகாது என்பது அதன் கருத்து. அந்த ‘அவசியமாயிருக்க’, ஆங்கிலத்தில் ‘பீயிங்’, என்ன செய்கிறது? நோக்கத்தைச் சொல்லிவிட்டு ஒதுங்குகிறதா, பின்னால் வரும் உரிமைக்கு எல்லை கட்டுகிறதா? 2008-ல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்காகப் பிரிந்தது. முன்தொடர் நோக்கத்தை அறிவிக்கிறது, உரிமையைக் குறுக்கவில்லை என்றது பெரும்பான்மை. உரிமை குடிப்படையோடு சேர்ந்ததே என்றனர் மாறுபட்ட நால்வர். இணைப்புச் சொல் ஒன்றை எழுதியிருந்தால் அந்த வாதத்தில் பாதி எழுந்திருக்காது.

தமிழில் இந்த ஆங்கிலத் தொடரின் வேலையைச் செய்வது ‘செய’ என்னும் எச்சம். ‘விளக்கு அணைய, குழந்தை அழுதது’: அணைந்தது ஒன்று, அழுதது வேறொன்று. ‘அணைந்து’ என்று மாற்றினால் வாக்கியம் நொண்டும், ஏனென்றால் ‘செய்து’ எச்சம் பொதுவாக ஒரே எழுவாயைத்தான் கேட்கும். ஆனால் உறுப்பின் வினை என்றால் நன்னூல் கொஞ்சம் இடம் விடுகிறது. ‘கால் ஒடிந்து விழுந்தான்’ என்கிறோம். ஒடிந்தது கால், விழுந்தது ஆள். ஆங்கிலத் தொடருக்கும் உறுப்புகள்மேல்தான் ஆசை அதிகம். நடுங்கும் கை, மூடிய கண், கலைந்த தலைமுடி என்று முழு ஆளைக் காட்டியபின் ஒரு பகுதியைத் தொட்டுக் காட்டுவதில் அதற்குத் தனி மகிழ்ச்சி.

கிழவரை இப்போது தமிழில் உட்கார வைக்கிறேன்: ‘தடி முழங்கால்களின் குறுக்கே கிடக்க, கிழவர் வாசலோரம் உட்கார்ந்திருந்தார்.’ நல்ல வாக்கியம்தான். ஆனால் எச்சம் முன்னால் வந்தாக வேண்டியிருப்பதால் முதலில் தடி தெரிகிறது, பிறகுதான் அதற்குரியவர். ஆங்கிலத்தில் கிழவரைப் பார்த்து முடித்த பிறகு, வாக்கியம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில், காற்புள்ளி தாண்டி அந்தத் தடி வருகிறது.