பரிசோடு நின்றுவிடும் கதை

பிளஸ் டூ தமிழ்ப் பாடநூலில் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலிருந்து ஒரு பகுதி இருக்கிறது. 7 ஆண்டுகள் ஆடலும் பாடலும் பயின்ற மாதவி, தன் 12ஆம் வயதில் சோழ மன்னன் முன் ஆடுகிறாள். தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும் பெறுகிறாள். பாடம் அதோடு முடிகிறது. காதையோ இன்னும் சில அடிகள் ஓடுகிறது.

காப்பியத்தைத் துண்டு துண்டாக நடத்துகிறார்கள் என்று குறைபட்டுக்கொள்வது சுலபம். 30 காதைகளையும் ஒரு கல்வியாண்டுக்குள் நடத்த எவராலும் ஆகாது. சிறு பகுதியை எடுத்துச் சீர் பிரித்து, வாய்விட்டுப் படித்து, அருஞ்சொற்களுக்குப் பொருள் கண்டு போகும் முறையில் நிஜமான பலன் உண்டு. ஆசிரியப்பாவின் நடை மாணவர் காதில் ஏறுவது அப்படித்தான். இந்தப் பகுதியே நல்ல சான்று. 24 விரல் கொண்டது ஒரு கோல். 8 கோல் நீளம், 7 கோல் அகலம், ஒரு கோல் உயரம் என்று மேடைக்கு அளவு சொல்கிறார் இளங்கோ. கட்டைவிரலால் அளந்து, வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் அந்த அரங்கை வரைந்துவிடலாம். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்ற மூவகைத் திரைகளும் எங்கெங்கே தொங்கும் என்று மாணவர்களே வாதாடிக்கொள்வார்கள். அடியார்க்கு நல்லார் உரையைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியருக்கு ஒரு பாடவேளை போதாது.

ஆனால் இவ்வளவும் நடந்த பிறகும் மாணவர் படித்தது ஒரு வருணனையைத்தான், கதையை அல்ல. விட்டுப்போன அடிகளில்தான் கதை திரும்புகிறது. 1008 கழஞ்சு விலை சொல்லி, நகரத்து இளைஞர்கள் திரியும் தெருவில் ஒரு கூனி மாலையோடு நிற்கிறாள். மாலையை வாங்குபவன் மாதவிக்கு உரியவன். கோவலன் வாங்குகிறான், கூனியோடு போகிறான், தன் வீட்டை மறக்கிறான். கலைக்குப் பரிசாக வந்த அதே தொகை, ஆடியவளுக்கே விலையாகத் தெருவில் நிற்கிறது! இளங்கோ இதைப் பற்றி ஒரு சொல் கண்டிக்கவில்லை, இரங்கவும் இல்லை. அத்தனை அளவையும் இலக்கணத்தையும் பொறுமையாக அடுக்கிவிட்டு, கடைசியில் சட்டென்று சந்தைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார். கண்ணகியின் பெயரைக்கூடச் சொல்லாமல் அவள் வீட்டை மட்டும் சொல்லி முடிக்கிறார். எதை நீட்டுவது, எதை ஒரே அடியில் கடப்பது என்ற கதைசொல்லியின் முடிவுதான் காப்பியத்தின் உயிர். 17 வயதுப் பிள்ளைகளுக்கு அது நன்றாகவே புரியும். 12 வயதுப் பெண்ணுக்கு விலை வைத்த ஊரைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

முழுக்கதையையும் முதலிலேயே உரைநடையில் சொல்லிவிடுவது இதற்கு மாற்று என்று பல ஆசிரியர்கள் நம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முடிவு தெரிந்துவிட்டால் செய்யுள் வெறும் பொழிப்புரைப் பயிற்சியாகிவிடும். கூனி வரும்வரை மாணவர் கூனியை அறியாமலே இருக்கட்டும்.

வழக்குரை காதை எப்படி நடத்தினாலும் வகுப்பில் எடுபடுவதற்குக் காரணம், அது தன்னளவில் முழுமையான காட்சி என்பதே. கண்ணகி வருகிறாள், கேட்கிறாள், சிலம்பை உடைக்கிறாள், முத்து இருக்க வேண்டிய இடத்தில் மாணிக்கம் தெறிக்கிறது, அரசன் விழுகிறான். பகுதி தேர்வோர் பார்க்க வேண்டியது இதைத்தான்: ஒருவர் ஒரு செயலைச் செய்து முடித்து அதன் விளைவு தொடங்கும் இடம்வரை பகுதி போகிறதா என்று. அரங்கேற்று காதைக்கு அது கூடுதலாகக் கால் பக்கம்.

பாடநூல் மாறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மாதவி பெற்ற பரிசு எவ்வளவு என்று கேட்கும் வினாத்தாள், அந்தத் தொகை காதையின் முடிவில் மறுபடி எங்கே வருகிறது என்றும் கேட்கட்டும். அந்த அடிகளை எல்லாப் பள்ளியிலும் படிப்பார்கள்.