நிராசையின் வயது: மார்கரெட் லாக்கின் நூலை முன்வைத்து

மாதவிடாய் நின்றுபோவது பெண்கள் அனைவருக்கும் நேர்வது. அது நோயா, வயதின் இயல்பா என்பதில்தான் சமூகங்கள் வேறுபடுகின்றன. கனடாவின் மருத்துவ மானுடவியல் அறிஞர் மார்கரெட் லாக் 1993இல் வெளியிட்ட 'என்கவுண்டர்ஸ் வித் ஏஜிங்' ஜப்பானையும் வட அமெரிக்காவையும் இவ்வகையில் ஒப்பிடுகிறது.

45 முதல் 55 வயதுவரையுள்ள பெண்களிடம் முந்திய இரு வாரங்களின் உடல்நிலை வினவப்பட்டது. திடீரென உடலில் வெப்பம் பரவியதாகச் சொன்னோர் வட அமெரிக்காவில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். ஜப்பானில் எட்டில் ஒருவரே. அங்கே பாதிப்பேர் முறையிட்டது தோள் இறுக்கத்தைப் பற்றி. ஜப்பானியரின் 'கோனென்கி' என்னும் சொல்லும் மாதவிடாய் நிற்பதை மட்டும் குறிப்பதன்று. நரை, பார்வை மங்கல், மூட்டுவலி யாவும் அதில் அடங்கும். உடலும் பண்பாடும் ஒன்றையொன்று உருவாக்குகின்றன என்பது லாக்கின் முடிபு.

அமெரிக்காவிலோ, 1966இல் ராபர்ட் வில்சன் என்னும் மருத்துவர் இப்பருவத்தைக் குறைபாட்டு நோயென்றே எழுதி, ஈஸ்ட்ரோஜனை மருந்தாக முன்வைத்தார். 2002இல் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட கூட்டு ஹார்மோன் பரிசோதனை, மார்பகப் புற்றுநோய் முதலிய அபாயங்களால் இடைநிறுத்தப்பட்டது. அதன்பின் எழுந்த அச்சமும் மிகையானதே. அறுபது வயதுக்குட்பட்ட, வெப்ப உபாதை கடுமையாக உள்ள பெண்கள் பலருக்கு நன்மையே மிகுதி என்பது இன்றைய மருத்துவக் கருத்து.

இவற்றைப் படிக்கும் நம்மவர், கீழைநாட்டுப் பெண் நிம்மதியாக வாழ்கிறாள் என்று மகிழக்கூடும். நூல் அதற்கு இடந்தரவில்லை. கோனென்கியின் துன்பத்தை, வேலையற்ற இல்லத்தரசிகளின் ஆடம்பர நோயென்று பழித்தவர்கள் ஜப்பானில் இருந்தனர். மாமன் மாமியைப் பராமரிப்பவளுக்கு நோவைச் சொல்லவும் நேரமில்லை. இந்த மௌனம் எண்ணிக்கையை எவ்வளவு குறைத்திருக்கும்? தோள்வலியைத் தயங்காது சொன்னவர்கள் வெப்பத்தை மட்டும் ஏன் மறைக்கவேண்டும் என்று கேட்பதும் நியாயமே. எனினும் லாக் தரும் விடை எனக்கு நிறைவளிக்கவில்லை.

அரபுலகம் இந்நூலின் எல்லைக்குள் வரவில்லை. ஆனால் சொல்லைப் பற்றிய அதன் விசாரணை அங்கும் பொருந்தும். அரபு வழக்கில் இப்பருவத்தின் பெயர் 'சின்னுல் யஃஸ்', அதாவது நிராசையின் வயது. இத்தாவின் காலத்தை வரையறுக்கும் திருக்குர்ஆன் வசனம் (65:4) மாதவிடாயைக் குறித்து நிராசையடைந்த பெண்களைப் பேசுகிறது. அது இனி வராது என்பதே அந்நிராசை. பொதுவழக்கில் 'மாதவிடாய்' உதிர்ந்துபோக, எஞ்சிய நிராசை பெண்ணின் வயதின்மீதே கவிந்துவிட்டது. இதனை 'சின்னுல் அமல்', நம்பிக்கையின் வயது, என மாற்றியழைப்போரும் இன்று உளர். புதுப்பெயர் சூட்டுவதைவிட, உதிர்ந்த சொல்லை உரிய இடத்தில் சேர்த்துப் படிப்பதே எனக்கு உவப்பு.