மூலத்தை விஞ்சிய மறுஇசை: பாரதியின் ‘சின்னஞ்சிறு கிளியே’

முன்பே இசை பெற்ற பாடலொன்று பின்வந்தோரால் வேறு இசையில் பாடப்பட்டு, முந்தைய வடிவினும் மிகுதியாகப் புகழ்பெறுவது உண்டு. குரலினிமையும் திரைப்படத்தின் வீச்சுமே இதற்குக் காரணங்கள் எனப் பொதுவாகக் கூறுவர். அவை மட்டும் போதா என்பதற்குப் பாரதியாரின் ‘சின்னஞ்சிறு கிளியே’ சான்றாகும்.

1917இல் வெளிவந்த கண்ணன் பாட்டில் இது ‘கண்ணம்மா - என் குழந்தை’ என்னும் தலைப்பில் இடம்பெறுகிறது. பராசக்தியைக் குழந்தையாகக் கண்டு பாடியது என்னும் விளக்கமும், பைரவி இராகம், ரூபக தாளம் என்னும் குறிப்பும் உடன் உள்ளன. எனினும் இன்று பெரும்பாலோர் அறிந்தது பைரவி வடிவம் அன்று. 1951இல் வெளிவந்த ‘மணமகள்’ திரைப்படத்திற்காக சி.ஆர். சுப்பராமன் அமைத்து, எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடிய இராகமாலிகையே அது. காபியில் தொடங்கும் அவ்வடிவம் கச்சேரி மேடையிலும் நிலைபெற்றுவிட்டது.

இம்மாற்றத்திற்கான இடம் மூலத்திலேயே இருந்தது. பாரதியார் சில சுரவரிசைகளைத் தந்து, அவற்றை மாதிரியாகக் கொண்டு மனோபாவத்திற்கேற்ப மாற்றிப் பாடலாம் என்று குறித்துள்ளார். அவர் குரலில் ஒலிப்பதிவு ஏதும் இல்லாமையால், பின்வந்த இசையமைப்பாளர் எதிர்கொண்டது ஏட்டிலிருந்த குறிப்பையேயன்றிச் செவிகளில் ஊறிய மெட்டை அன்று.

பாடலின் அமைப்பும் மாற்றத்தை வேண்டி நின்றது. பத்துக் கண்ணிகளிலும் தாயின் உணர்வு ஒரே நிலையில் நிற்பதில்லை. ஓடிவரும் குழந்தையைக் கண்ட குளிர்ச்சி, ஊரார் புகழக் கேட்ட பெருமிதம், முகம் சிவக்கக் கண்ட கலக்கம், கண்ணீர் கண்டு நெஞ்சு படும் வேதனை என அது மாறிக்கொண்டே செல்கிறது. இராகமாலிகை அம்மாற்றங்களைச் செவிக்கு வெளிப்படையாக்கியது.

புறக்காரணமும் ஒன்றுண்டு. பாரதி பாடல்களின் ஒலிப்பதிவுரிமை முன்னர்த் தனியாரிடம் இருந்தது. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையைப் பெற்றது. இரண்டாண்டுகளில் ‘மணமகள்’ வந்தது. பாடல் பரவுவதற்குத் தடையற்ற வழியும் வேண்டும் என்பது இங்குக் கருதத்தக்கது.

ஆயினும் இப்புகழுக்கு விலையும் உண்டு. ஏட்டிலுள்ள விளக்கம் செவிக்கு எட்டுவதில்லை. கேட்போர் தாயையும் சேயையும் உணர்கின்றனர். பராசக்தியை நினைப்பவர் சிலரே. பைரவி என்னும் ஒரே இராகம் உணர்வுகள் அனைத்தையும் ஒரு வழிபாட்டுக்குள் கட்டி நிறுத்தியிருக்கும். பல இராகங்களாகப் பிரிந்தபோது பாடல் தொட்டிலை நெருங்கியது, சந்நிதியிலிருந்து விலகியது.

எனவே மறுஇசை மூலத்தை விஞ்சுவது, மூலம் குறையுடையது என்பதனால் அன்று. பாடலில் அடங்கிய பொருள்களுள் ஒன்றைத் தெளிவாக ஒலிக்கச் செய்வதாலேயே அது வெல்கிறது. மற்றொன்று அதனால் மங்குகிறது. பைரவிக் குறிப்பைப் பதிப்பாசிரியர் நீக்காது காப்பதும், பாடகர் அதனையும் பாடிக் காட்டுவதும் மங்கிய அப்பொருளை மீட்கும் வழிகளாகும்.